மூன்று பூச்சுச் சுண்ணாம்பு

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். விசாரணைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் படிப்பார்களாம். நான் எட்டாவது பெயில். எழுத வருவது ரிப்போர்ட் ஒன்றுதான். இதுவும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேப்பம்பட்டுப் பக்கம். நெல் போடுகிற குடும்பம். பட்டாளத்தில் சேர்ந்தபோது உயரத்தைப் பார்த்து மிலிட்டரி போலீசில் போட்டார்கள். ஆறு வருஷம் ரோட்டில் நின்று லாரிகளுக்குக் கை காட்டினேன். அறுபதுகளின் கடைசியில் பட்டணத்தில் இருந்த விசாரணைப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். அப்போது ஹவில்தார். எதற்காக என்னை என்று கேட்டேன்.

"நீ பேச மாட்டாய். எதிரே இருக்கிறவனுக்குப் பயமாக இருக்கும்" என்றார் எங்கள் கேப்டன்.

பாராட்டு என்று நினைத்தேன். அப்போது அது பாராட்டுதான். ஒரு மாதம் கழித்து அதுதான் தப்பு என்று தெரிந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியில் திருட்டை விசாரிப்பதும் பட்டாளத்தில் விசாரிப்பதும் ஒன்றல்ல. வெளியில் ஆள் ஒளிவான், பொய் சொல்வான், மாமனைக் கூட்டி வருவான். பட்டாளத்தில் எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும். கேட்காத கேள்விக்கு உயிர் போனாலும் பதில் வராது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதை ஒன்று உண்டு. வருஷத்தில் இரண்டொரு நாள் அதில் கார் பந்தயம் விடுவார்கள். மற்ற நாட்களில் காற்றும் ஆடும்தான் ஓடும். அதன் ஓரத்தில் அப்போது ஒரு சின்ன முகாம் இருந்தது. மார்கழி மாதம் ஒரு சாயங்காலம் அங்கிருந்து எங்களுக்கு போன் வந்தது. மேஜரின் ரிவால்வர் காணவில்லை.

துப்பாக்கி காணாமல் போவது பட்டாளத்தில் வீட்டுப் பிள்ளை காணாமல் போவது மாதிரி. யாரும் தூங்க மாட்டார்கள். கேப்டன் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு முதல் கேஸ். தனியாகப் போ. இதைப் பார்த்துத்தான் உன்னை இங்கே வைப்பதா, திரும்ப ரோட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு" என்றார்.

நான் உடனே முகாமின் சுபேதாருக்கு போன் போட்டேன்.

"காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் சாப். எதையும் தொடாமல் அப்படியே வையுங்கள்."

"சரி, சரி. ஒம்போது மணிக்கா" என்றார்.

அவர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. அது அவர் குற்றமல்ல. வெளியிலிருந்து அதிகாரமுள்ள ஒருவன் நாளைக்கு வருகிறான் என்றால் எந்த முகாமிலும் ஒரே ஒரு வேலைதான் நடக்கும். எனக்கும் தெரியும். நானே எத்தனையோ முறை அந்த வேலையைச் செய்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை வருகிறவன் நான் என்பது மண்டையில் ஏறவில்லை.

காலையில் போய் இறங்கினேன். வாசலிலிருந்து ஆயுத அறைவரை அரை மைல் ரோடு. இரண்டு பக்கமும் ஓடுபாதையை உடைத்த கான்கிரீட் துண்டுகளை ஒரு தப்படிக்கு ஒன்றாக நட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. ஈரம்கூடக் காயவில்லை. ரோட்டில் செம்மண் தெளித்திருந்தது. ஆறு வருஷம் ரோட்டோரம் நின்றவனுக்கு ரோட்டையே ஜோடித்து வைத்திருக்கிறார்கள். நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. மறைக்கவில்லை.

பூரி நாஷ்டா கொடுத்தார்கள். சாப்பிட்டேன். பிறகு ஆயுத அறையைக் காட்டினார் சுபேதார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பெரிய மீசை, கையில் பிரம்பு, ரிட்டயர் ஆக இரண்டு வருஷம்.

"பினாயில் ஊத்திக் கழுவிட்டேன் ஹவில்தார். கதவு, தாழ்ப்பா எல்லாம் எண்ணெய் போட்டுத் தொடச்சிட்டேன். எங்க வேணா வெரல் வெச்சிப் பாருங்க, ஒரு தூசி இருக்காது."

விரல் வைத்துப் பார்த்தேன். தூசி இல்லை. கைரேகையும் இல்லை. இருந்தது என் ரேகை ஒன்றுதான்.

நடந்தது என்னவென்று கேட்டேன். வாசலுக்கு வெளியே, ஓடுபாதையின் கோடியில் சுடும் பயிற்சி. முடிந்ததும் மேஜர் தன் ரிவால்வரை ஆயுத அறையில் சேர்க்கச் சொல்லி சுபேதாரிடம் தந்தார். சுபேதார் அதை ஒரு சிப்பாயிடம் தந்து அனுப்பினார். சிப்பாய் பெயர் தேசப்பன். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு ஊர். அவன் வழியில் ரிவால்வர் விழுந்துவிட்டது என்று வந்து சொன்னான். விடிந்து பார்த்தால் ஆளே இல்லை.

"எதில் வைத்து எடுத்துப் போனான்?"

"தோல் ஒறையில. இடுப்புல மாட்டிக்கினுதான்" என்றார் சுபேதார்.

முகாமையே நிற்க வைத்துக் கேட்டேன். ரிவால்வரைப் பார்த்தாயா. இல்லை சாப். பார்த்தாயா. இல்லை சாப். எழுபது பேர், எழுபது இல்லை சாப். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவன் எதிரிலும் பேசாமல் நின்றேன். பயந்தார்கள். பயந்துகொண்டே இல்லை சாப் என்றார்கள்.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். கிழிக்க முடியாது. அதில் நான்காம் பக்கத்தில் அன்று சாயங்காலம் எழுதினேன்: சிப்பாய் தேசப்பன் ரிவால்வரைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான்.

கேப்டன் அதைப் படித்தார்.

"திருடியதைப் பார்த்தாயா?"

"இல்லை சாப்."

"பார்த்தவன் யாராவது?"

"இல்லை சாப்."

"பிறகு உனக்கு யார் சொன்னது?"

நான் நோட்டை மூடினேன். அவரும் விட்டுவிட்டார். நாளைக் கணக்கிட்டுச் சொன்னார். சொல்லாமல் போன சிப்பாய் முப்பது நாளைக்குள் தானாகத் திரும்பி வந்தால் சின்னத் தண்டனை. அந்த முகாமிலேயே முடிந்துவிடும். முப்பது தாண்டினால் நாலு பேர் உட்கார்ந்து பட்டாளத்தை விட்டு ஓடியவன் என்று எழுதிவிடுவார்கள். அதோடு ரிவால்வர் திருட்டும் சேர்ந்தால் ஜெயில். வேலை போகும், பேர் போகும், ஊரில் தலை நிமிர முடியாது. நாங்கள் பிடித்துக் கொண்டுவந்தாலும் தானாக வந்த கணக்கில் சேராது.

"ஆளைக் கண்டுபிடி. அப்புறம் என்ன எழுத வேண்டும் என்று பார்க்கலாம்" என்றார்.

தேசப்பனின் ஊருக்குப் போனேன். அப்பன் கையை விரித்துவிட்டான். பையன் புதிதாகக் கல்யாணம் ஆனவன். பெண் வீடு எந்த ஊர் என்று முகாம் காகிதத்தில் இல்லை. அப்பனும் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் விசாரிக்கலாம் என்று நினைத்தேன். இன்று புகைபோக்கியாக நிற்கிற இடமெல்லாம் அன்று சவுக்குத் தோப்பு. கடைத்தெரு என்றால் பத்துக் கடை. யார் பெண் யாருக்குப் போனாள் என்று பத்துக் கடைக்கும் தெரியும்.

மாறுவேஷத்தில் போனேன். எங்கள் பிரிவில் அது பெருமை. ஒரு நாள் மாட்டு வியாபாரி. ஒரு நாள் சவுக்கு வாங்குகிறவன். ஒரு நாள் சும்மா வேட்டி கட்டினவன். நாலு முறை போனேன். டீ குடித்தேன். பேச்சுக் கொடுத்தேன். எனக்குப் பேச வராது என்று சொன்னேனே, அந்தப் பேச்சைத்தான் கொடுத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடுவில் இரண்டு முறை சோழவரம் முகாமுக்கும் போய் ரோடு முழுக்கத் தேடினேன். ஒவ்வொரு முறையும் முன்னாடியே போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனேன். மரியாதை என்று நினைத்தேன்.

இருபத்தெட்டு நாள் போய்விட்டது. வேஷம் சலித்துவிட்டது. இருபத்தொன்பதாம் நாள் காலை முழு யூனிபார்மில், தொப்பி பெல்ட்டோடு அதே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

"வா நைனா. இன்னிக்கி இன்னா, மாடு விக்கலியா?"

"முதல் நாளே தெரிந்ததா?"

"டீ குடிச்சிட்டு டம்ளர நீயே கழுவி கவுத்து வெச்சியே. எந்த மாட்டு வியாபாரி கழுவுவான்?"

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "மாட்டுக்குப் பல்லு எத்தினின்னு கேட்டேன். முப்பத்திரண்டுன்னாரு. வியாபாரி எவனும் எட்டுக்கு மேல எண்ண மாட்டான்."

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "வேஷம் போட்டுக்கினு வந்து கல்யாணம் ஆன பொண்ணு ஊட்டக் கேட்டா எவன் சொல்லுவான்? யாரு குடியக் கெடுக்க வந்தானோன்னு நெனச்சோம்" என்றார்.

அது நியாயம். நான் உள்ளதைச் சொன்னேன். தேசப்பன் நாளைக்குள் முகாம் வாசலில் போய் நின்றால் பிழைப்பான். நாளை மறுநாள் போனால் ஜெயில். அவ்வளவுதான்.

அவர் டம்ளரை வைத்தார். "இத்த மொத நாளே சொல்லி இருந்தா ஒரு மாசம் பேஜாரு இல்லியே" என்று ஊர்ப் பெயரைச் சொன்னார். வடக்கே மூன்று மைல்.

டீயைக் குடித்தேன். பழக்கத்தில் டம்ளரைக் கழுவினேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது.

அந்த ஊரில் போய் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். எல்லா வீட்டுச் சுவரும் வெள்ளை. ஒரு வீட்டில் மட்டும் வாசல் புளியமரத்துக்கும் இடுப்பளவு வெள்ளை. நூல் பிடித்த மாதிரி கோடு. கோட்டுக்கு மேல் நாலு விரல் காவிப் பட்டை. தெருவிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் ஒரு தப்படிக்கு ஒரு கல். எல்லாக் கல்லுக்கும் சுண்ணாம்பு. இந்தியா முழுக்க அந்த மாதிரி மரத்துக்கு எவன் சுண்ணாம்பு அடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பெண் வெளியே வந்தாள். என் தொப்பியைப் பார்த்ததும், "அவரு இங்க இல்லீங்க" என்றாள். யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

"மரத்துக்கு யாரம்மா சுண்ணாம்பு அடிச்சது?"

"எங்க அப்பாரு."

"காவிப் பட்டையும் அவர்தானா?"

அவள் வைக்கோல் போரைத் திரும்பிப் பார்த்தாள். தேசப்பன் அதன் பின்னாலிருந்து தானாகவே வந்தான். லுங்கி, தலையில் வைக்கோல். என் எதிரே வந்து விறைப்பாக நின்றான். இருபத்திரண்டு வயசு இருக்கும்.

அவனுக்கு எதிரே நானும் என் வழக்கப்படி பேசாமல் நின்றேன். அவள் நடுவில் வந்தாள். பெயர் கன்னியம்மா.

"ஒக்காந்து பேசுங்கண்ணா. நீங்களும் நின்னுக்கினு, அவரும் நின்னுக்கினு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

உட்கார்ந்தோம். பட்டாளத்தில் சேர்ந்த பிறகு நான் விசாரிக்கிறவனோடு சமமாகத் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஏன் ஓடினாய்?"

"நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க சார்."

"நானா?"

"காலைல மிலிட்டரி போலீஸ்லேந்து ஒருத்தர் வர்றாரு, ஆறடி, பேசவே மாட்டாரு, தோல உரிச்சி வெயில்ல காய வெச்சிடுவாருன்னு சுபேதார் சாப் சொன்னாரு. கண்டிப்பா வருவாரா சாப்னு கேட்டேன். இப்பதான் போன் பண்ணாருன்னாரு."

ஆக, ஓட வைத்ததும் என் போன்தான். நோட்டுப் புத்தகத்தை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"ரிவால்வர் உறையிலிருந்து எப்படி விழுந்தது?"

"ஒறை ஏது சார்? தோட்டா டப்பால போட்டுத்தான குட்தாரு."

"எந்த டப்பா?"

"காலி டப்பா சார். தகரம். செங்கல்லு மூணு அடுக்குனா எவ்ளோ இருக்கும், அவ்ளோ. சைக்கிள் கேரியர்ல கவுத்தால கட்டி உட்டாரு. ஜீப்பு இல்ல, கூட ஆளு இல்ல, நீயே போடான்னாரு. ஆயுத ரூமுல போயி திரும்பிப் பாத்தா கவுறுதான் கீது. டப்பாவக் காணும்."

துப்பாக்கியைக் காவலோடு வண்டியில்தான் அனுப்ப வேண்டும். சைக்கிளில் கயிறு கட்டி அனுப்பினது தெரிந்தால் சுபேதாருக்குத் தலைவலி.

"டப்பான்னு ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"சொன்னா நீயும் காலி நானும் காலின்னாரு. ஒறையிலேந்து உழுந்துட்சின்னு சொல்லுன்னாரு. பொய் சொல்லிக்கினு உங்க முன்னாடி நிக்க முடியாதுன்னுதான் சார் வந்துட்டேன்."

இருபத்தொன்பது நாளாக எழுபது பேரும் நானும் ஒரு ரிவால்வரைத் தேடியிருக்கிறோம். தேட வேண்டியது ஒரு டப்பா. ஆனாலும் அரை மைல் ரோட்டில் மூன்று செங்கல் அளவு டப்பா கண்ணில் படாமல் எங்கே போகும்? யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். அப்படியென்றால் இவன் சொல்வதை யார் நம்புவார்கள்? நானே முழுக்க நம்பவில்லை.

அப்போது உள்ளேயிருந்து கன்னியம்மா குரல்.

"என் இரும்புச் சட்டி எங்க?"

விருந்தாளிக்கு வடை சுட எண்ணெய் வைக்கப் போயிருக்கிறாள். சட்டியைக் காணோம். பொங்கலுக்கு முந்தின நாள் தேய்த்துக் கழுவி வெளியில் கவிழ்த்து வைத்தாளாம். அடுப்படி, கொல்லை, கோழிக்கூடு எல்லாம் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டாள். கேட்கவும் போய்விட்டாள். போகிறபோது கால் தடுக்கியது. குனிந்து பார்த்தாள். தெருவிலிருந்து வாசலுக்கு வருகிற வரிசையில் ஐந்தாவது கல்லைத் தூக்கினாள். அதற்குக் காது இருந்தது.

"தோ பாரு. உன் பட்டாளத்துப் புத்திய இத்துல காட்டி வெச்சிக்கீற. என் சட்டிக்கும் சுண்ணாம்பு அடிச்சி, வரிசையில நிக்க வெச்சிக்கீற."

"கல்லுன்னு நெனச்சேண்டி" என்றான் தேசப்பன்.

"கல்லுக்குக் காது கீதா?"

"வரிசையா அடிச்சிக்கினே போறப்ப எவன் பாப்பான்? கை தானா போவுது."

"நானும் ஏழு நாளா இத்தத் தாண்டித் தாண்டிப் போயிக்கினு இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகாமில் நான் இறங்கின காலை, காயாத சுண்ணாம்பு, ஓடுபாதையை உடைத்த துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்று செங்கல் அளவு. ஒன்பது மணிக்கு நான் வருகிறேன் என்பதற்காக விடியுமுன் இருட்டில் அடித்த சுண்ணாம்பு. முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் தேடல். ரோட்டின் நடுவில் தேடினோம், பள்ளத்தில் தேடினோம், புல்லைப் பிடுங்கித் தேடினோம். வரிசையை யாரும் தேடவில்லை. ஒழுங்காக நிற்பதை எதற்குத் தேட வேண்டும்?

"தேசப்பா, கிளம்பு" என்றேன்.

அவனுக்கும் புரிந்தது. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டப்பா அங்க இருக்குமா சார்?"

"தெரியாது."

"இல்லன்னா?"

"இல்லாவிட்டாலும் நீயாக வந்ததாக இருக்கும். நாளை மறுநாள் அதுவும் இருக்காது."

அவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளே, இந்த இடம்தான். என் பையில் கைவிலங்கு இருந்தது. மாட்டினால் ஆள் நிச்சயம். எனக்கு நல்ல பேர். அவனுக்குப் பிடிபட்டவன் என்ற எழுத்து. மாட்டாவிட்டால் வழியில் ஓடினாலும் ஓடுவான். அப்போது நான் மறுபடி லாரிகளுக்குக் கை காட்ட வேண்டியதுதான். பையைத் திறக்கவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். நாலாம் பக்கத்தில் எழுதினது உறுத்தியது.

கன்னியம்மாதான் முடித்து வைத்தாள். "போ. எத்தினி நாளு வைக்கப்போரு பின்னாடி நின்னுக்கினு இருப்ப? கோழிகூட உன்ன மதிக்கல. இந்தா, சட்டிய எடுத்துக்கினு போ. இப்பிடித்தான் ஆச்சின்னு பெரிய அதிகாரி கிட்ட காட்டு."

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சட்டியை நான் வாங்கினேன். தடயம்.

அவளிடம் ஒன்று சொன்னேன். "நான் இன்று இங்கே வரவில்லை."

"யாரு வந்தாங்க?" என்றாள். கெட்டிக்காரி.

இரண்டு பேரும் ஒரே பஸ். தெரியாதவர்கள் மாதிரி. நான் முன்னால், அவன் கடைசி சீட்டில். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்கதவில் யார் இறங்குகிறார்கள் என்று காதால் கேட்டுக்கொண்டே வந்தேன். மடியில் வெள்ளைச் சட்டி. கண்டக்டர் என்னையும் சட்டியையும் பார்த்தார்.

"இன்னா சார், மிலிட்டரியில சட்டிக்கும் யூனிபாரமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தேசப்பன் குரல். ஆள் இருக்கிறான் என்று அப்போதுதான் மூச்சு வந்தது.

சோழவரத்தில் இறங்கி முகாம் வாசலுக்கு இருபது கஜம் இருக்கும்போது என் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. நானேதான் அவிழ்த்தேன். குனிந்து கட்டினேன். நீளமான கயிறு. கட்டி முடிக்கக் கால் மணி ஆனது. அதற்குள் தேசப்பன் தனியாக நடந்து வாசல் காவலிடம் போய் விறைப்பாக நின்று நம்பரும் பேரும் சொன்னான். காவல் அறைப் புத்தகத்தில் 'தானாக வந்தான், பகல் மூன்று மணி' என்று எழுதியதை நான் போய்த் தலைகீழாகப் படித்துச் சரிபார்த்தேன். அதுவரை ஒரு கல்லையும் நான் தொடவில்லை. ஆசை இருந்தது. முதலில் ஆள், பிறகுதான் டப்பா.

சுபேதார் ஓடி வந்தார். "போன் பண்ணாம வந்துட்டீங்களே ஹவில்தார், ரோடு அழுக்கா இருக்கே."

"சாப், டப்பா" என்றேன்.

மீசை இறங்கியது. நான் அவர் பிரம்பைக் கேட்டேன். கொடுத்தார்.

இடது பக்கத்து வரிசையில் முதல் கல்லைத் தட்டினேன். தொக். அடுத்தது. தொக். முகாமில் ஒவ்வொருவனாக வெளியே வந்து வேடிக்கை பார்த்தான். கல்லைத் தட்டிக்கொண்டு போகிற மிலிட்டரி போலீஸ், கக்கத்தில் வெள்ளைச் சட்டி. யாருக்கும் சிரிக்க தைரியமில்லை. அரை மைல் தட்டினேன். எல்லாம் தொக். ஆயுத அறை வந்துவிட்டது. இடது வரிசை முடிந்துவிட்டது. காவல் அறை வாசலில் இரண்டு பேருக்கு நடுவில் தேசப்பன் நிற்பது தூரத்தில் தெரிந்தது. சுபேதாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

வலது வரிசையில் திரும்பி வந்தேன். தொக். தொக். ரோடு வளைகிற இடத்தில் ஒரு மேடு உண்டு. சைக்கிள் அங்கே குதிக்கும். மேட்டைத் தாண்டி நாலாவது கல்.

டங்.

மறுபடி தட்டினேன். டங். அரை மைலுக்கு அந்தப் பக்கம் நின்ற தேசப்பனுக்கே கேட்டது என்று பிறகு சொன்னான். சொல்லட்டும்.

கத்தியால் சுரண்டித்தான் மூடியைத் திறக்க முடிந்தது. மூன்று பூச்சு. நான் இதற்கு முன் மூன்று தடவை வந்திருந்தேன். மூன்று தடவையும் போன் போட்டுவிட்டு வந்திருந்தேன். உள்ளே ரிவால்வர் துளித் துரு இல்லாமல் இருந்தது. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே விடவில்லை.

சுண்ணாம்பு அடித்த சிப்பாயைக் கூப்பிட்டேன். திருவள்ளூர்ப் பையன், மணவாள நகர். விறைப்பாக நின்றான்.

"இது டப்பான்னு தெரியுமா?"

"தெரியும் சாப்."

"தெரிந்துமா அடிச்சாய்?"

"ஓரத்துல இன்னா இருந்தாலும் அடின்னு ஆர்டரு சாப். அடிச்சேன்."

"ஒரு மாசமாகத் தேடுகிறோமே, ஏன் சொல்லவில்லை?"

"ரிவால்வர் பாத்தியான்னு கேட்டீங்க சாப். இல்லன்னேன். டப்பா பாத்தியான்னு யாரும் கேக்கலியே."

அவன் கிண்டல் செய்யவில்லை. அவன் முகத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். உண்மையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. முதல் நாளும் இப்படித்தான் என் எதிரே நின்றிருப்பான். நானும் இப்படித்தான் பேசாமல் நின்றிருப்பேன். ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால், "வேறு என்ன பார்த்தாய்" என்று ஒரே ஒரு கேள்வி, அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பட்டணம் திரும்பியிருப்பேன்.

சுபேதாரைத் தனியாக அழைத்தேன். ரிப்போர்ட்டில் டப்பா வரும் என்றேன். அதற்கு முன் அவரே மேஜரிடம் போய்ச் சொல்ல அரை மணி நேரம் இருக்கிறது என்றேன். பிரம்பைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேரே மேஜர் அறைக்குப் போனார். வாங்கிக் கட்டிக்கொண்டார். ரிட்டயர்மென்ட் பிழைத்தது. வெளியே வந்து என்னிடம், "நான் மறைச்சது பாதிதான் ஹவில்தார். மீதிய சுண்ணாம்பு மறைச்சிட்சி" என்றார். மறுக்க முடியவில்லை.

கேப்டனிடம் சட்டியையும் நோட்டுப் புத்தகத்தையும் வைத்தேன். சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலாம் பக்கத்தைத் திறந்தார். என் வரியை அடிக்கவில்லை. அதன் கீழே என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்: திருடவில்லை. நான் சரியாகக் கேட்கவில்லை. அடுத்த வாரம் என்னை அந்தப் பிரிவிலேயே நிரந்தரம் செய்தார்கள். எதற்காக என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த முகாமுக்கும் நான் சொல்லிவிட்டுப் போனதில்லை. நீங்களும் போகாதீர்கள். போன இடத்தில் உட்கார இடம் கொடுத்தால் உட்காருங்கள். டம்ளரை யாராவது கழுவட்டும்.

தேசப்பனுக்குச் சொல்லாமல் போனதற்காகப் பதினாலு நாள் தண்டனை. சாதாரண உடல் வேலைதான். மேஜர் என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? அதே ரோடு, அதே கல், அதே சுண்ணாம்பு. சட்டியைத் திருப்பிக் கொடுக்க நான் ஒரு நாள் போனேன், சொல்லாமல். தேசப்பன் வாளியும் சுண்ணாம்பு பூசுகிற மட்டையுமாக வரிசையில் குந்தியிருந்தான். ஒரு கல்லுக்கு வந்தான். மட்டையைக் கீழே வைத்தான். விரலை மடக்கி, கதவைத் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டுத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். பிறகுதான் பூசினான். அடுத்த கல்லுக்கு நகர்ந்தான்.

சட்டியை அவன் பக்கத்தில் வைத்தேன். பார்க்காமலே அதையும் தட்டினான்.